கிற்றாரின் பழைய பூச்சை உரிக்க வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின் கிற்றாருக்கு வீட்டிலேயே ஸ்பிறே பெயின்ற் அடித்துப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் பத்திரிகையின் இளைஞர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த குறிப்பை வாசித்தேன். வீணைக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கிடைக்கும் இடம் நம்மூர்ப் பத்திரிகைகளில் கிற்றாருக்குக் கிடைப்பது அரிது; தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கோயில் திருவிழாக்களின் இன்னிசை மேடைகளிலும் அது இத்தனை காலமாக ஒலித்துவந்தும், அதைத் திருத்துவது பற்றியோ பராமரிப்பது பற்றியோ தமிழில் எழுதுவோர் மிகச் சிலரே. அந்த வகையில் குறிப்பை எழுதியவரைப் பாராட்ட வேண்டும். ஆயினும் அதில் முதற் படியாகச் சொல்லப்பட்டிருக்கும் ஒரு விடயம், அதாவது பெயின்ற் றிமூவர் பூசியோ வெப்பக் காற்றுக் கருவியால் சூடாக்கியோ பழைய பூச்சு முழுவதையும் மரம் தெரியும்வரை உரித்தெடுக்க வேண்டும் என்பது, தேவையற்றது மட்டுமன்றி ஆபத்தானதும் ஆகும் என்பதைத் தந்தி வாத்தியங்களைத் திருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அக்குறிப்பைப் பார்த்துக் கருவியைக் கையிலெடுக்கப்போகிறவர்களில் பெரும்பாலானோர் உயர்தர வகுப்புப் பிள்ளைகளாகவே இருப்பார்கள் என்பதால், இதை எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை.

இன்று நமக்குக் கடைகளில் கிடைக்கும் இறக்குமதிக் கிற்றார்களில் பெரும்பாலானவை பொலியெஸ்ரர் அல்லது பொலியூரித்தேன் பூச்சுக் கொண்டவை. இப்பூச்சுகள் இரசாயனத் தாக்கத்தால் இறுகுபவை. ஒருமுறை இறுகியபின் தின்னரிலோ மண்ணெண்ணெயிலோ கரைவதில்லை. முன்பக்கத்தை மூடியிருக்கும் பிக்கார்ட் தகட்டைக் கழற்றிவிட்டு, தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப் பொருந்தும் குழியின் விளிம்பை உற்றுப் பார்த்தால் பூச்சின் தடிப்புக் கண்ணுக்கே தெரியும்: நகத்தின் தடிப்பளவுக்கு, சிலவற்றில் அதைவிடவும் கூடுதலாக, தெளிந்த கடினமான ஓர் ஓடு மரத்தின்மேல் படிந்திருக்கும். மரத்தின் நுண்துளைகளை அடைத்து, ஈரம் புகாதபடி மூடி, சமதளமாகத் தேய்த்து முடிக்கப்பட்ட தளம் அது. புதிதாக நிறம் அடிப்பவர் நாட்கணக்கில் பாடுபட்டு உருவாக்க வேண்டிய அத்தளத்தைத் தொழிற்சாலை ஏற்கெனவே அமைத்துத் தந்திருக்கிறது. அதை உரித்தெறிந்துவிட்டு, பள்ளம் நிரப்பும் பட்டியும் நுண்துளை அடைக்கும் சாண்டிங் சீலரும் வாங்கி அதையே மீண்டும் கையால் உண்டாக்க முயல்வதால் என்ன பயன் என்பதே என் கேள்வி.

றிமூவர் விடயத்துக்கு வருகிறேன். பழைய பூச்சை விரைவாகக் கிளப்பும் திரவங்களில் பல, மெத்திலீன் குளோரைட்டு எனும் கரைப்பானை அடிப்படையாகக் கொண்டவை. டைகுளோரோமீதேன் என்ற பெயரிலும் அது ரின்னில் குறிக்கப்பட்டிருக்கும். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது என்பதால் மூடிய அறையில் தரையோடு தேங்கி நிற்கும். சுவாசித்தவரின் உடலுக்குள் அது காபனோரொட்சைட்டாக மாறி, குருதி ஒட்சிசனைக் காவிச் செல்லும் ஆற்றலைக் குறைக்கும். குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை உரிக்கும் வேலையில் தொழிலாளர்கள் இறந்த சம்பவங்கள் அமெரிக்காவில் பதிவாகியதைத் தொடர்ந்து, அந்நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2019 ஆம் ஆண்டில் இக்கரைப்பான் கலந்த றிமூவர்களைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்னரே அவ்வாறு செய்திருந்தது. ரின்னின் பின்புறத்து எழுத்தை வாசித்துப் பார்த்து வாங்கும் வழக்கம் நம்மிடையே குறைவு. இத்தனை ஆபத்தையும் ஏற்றுக்கொண்டு பூசினாலும், பொலியெஸ்ரர் ஓடு அதற்கு எளிதில் மசிவதில்லை என்பதுதான் வேடிக்கை: ஓரங்களில் சற்றுக் கிளம்பும், நடுப்பகுதி அசையாமல் நிற்கும். பொறுமையிழந்த பிள்ளை உளியை எடுப்பதும் மரத்தில் வடு விழுவதும் அப்போதுதான்.

வெப்பக் காற்று பொலியெஸ்ரரை இளக்கும் என்பது உண்மையே. ஆனால் மலிவான கிற்றார்களின் உடற்பகுதி பாஸ்வூட், பொப்லர் போன்ற மென்மையான மரங்களில் பல துண்டுகளை ஒட்டிச் செய்யப்படுவது. சில கிற்றார்கள் ஒட்டுப்பலகையாலேயே ஆனவை. வெப்பம் பூச்சை மட்டும் தெரிந்தெடுத்து இளக்குவதில்லை. பசை இளகிப் பொருத்துகள் திறப்பதையும், விளிம்புகள் கருகுவதையும், கழன்று வரும் ஓடு மரநாரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வருவதையும் என் மேசையில் பலமுறை கண்டிருக்கிறேன். அப்படி உரித்து முடித்த பின் வெளிப்படும் மரமாவது அழகாக இருக்குமா என்றால், அதுவும் இல்லை. நிறம் பொருந்தாத துண்டுகளும் ஒட்டுக் கோடுகளும் பட்டி அடைத்த துளைகளுமே கண்ணில் படும். திட நிறத்தால் மூடப்படும் என்று தெரிந்தே பொறுக்கிய மரம் வேறு எப்படி இருக்கும்?

உரிக்காமல் மேலே பூசுவது மட்டமான வேலை என்று கருதுவோருக்கு மின் கிற்றாரின் வரலாற்றிலிருந்தே ஒரு சான்று தரலாம். கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரிலிருந்த லியோ ஃபெண்டரின் தொழிற்சாலை 1954 ஆம் ஆண்டில் ஸ்ரற்றோகாஸ்ரர் கிற்றாரை வெளியிட்டது. நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கருமையுமாகக் கலந்த சன்பேர்ஸ்ற் அதன் வழமையான நிறம். வேறு நிறம் கேட்டவர்களுக்கு டூபொன்ட் நிறுவனத்தின் டூக்கோ, லூசைற் எனும் மோட்டார் வாகனப் பெயின்றுகளையே அடித்துக் கொடுத்தார்கள். இன்றும் புகழோடு இருக்கும் ஃபியெஸ்ரா றெட் என்பது 1956 ஆம் ஆண்டின் ஃபோர்ட் தண்டர்பேர்ட் காரிலும், லேக் பிளாசிட் புளூ என்பது 1958 ஆம் ஆண்டின் கடிலக் காரிலும் இருந்த நிறங்களாகும். 1960 களில் வெளிவந்த அத்தகைய கிற்றார்கள் சிலவற்றில் மேல்நிறம் தேய்ந்துபோன இடத்தில் உள்ளே சன்பேர்ஸ்ற் தெரிவதைச் சேகரிப்பாளர்கள் நன்கு அறிவர். ஏற்கெனவே பூச்சு முடிந்திருந்த உடற்பகுதியை எடுத்து, அதை உரிக்காமலே அதன்மேல் புதுநிறம் அடித்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். அந்தக் கிற்றார்களுக்கு இன்று கேட்கப்படும் விலையைப் பார்த்தால், அதை யாரும் குறையாகக் கொண்டதாகத் தெரியவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் கார்களை அரை நூற்றாண்டுக்கும் மேலாக வீதியில் ஓடவைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் பெயின்ற் அடிப்பவர் ஒருவரைக் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்றை அவர் கிளப்புவதில்லை; துருவேறிப் பொரிந்த இடத்தை மட்டும் இரும்புவரை கொண்டுபோய், ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, பட்டி வைத்து, மீதிப் பரப்பை மினுக்கம் போகத் தேய்த்துவிட்டு மேலே அடிப்பார்.

பூச்சைக் குறைத்தால் மரம் மூச்சு விடும், நாதம் திறக்கும் என்றொரு நம்பிக்கையும் உரிப்போரிடம் உண்டு. வீணையிலும் பெட்டி போன்ற அக்குஸ்டிக் கிற்றாரிலும் பலகையே அதிர்ந்து காற்றை அசைப்பதால் அங்கே இது பேசத்தக்க விடயம். மின் கிற்றாரில் நாம் கேட்பது வேறு: உருக்குத் தந்தி அதிரும்போது பிக்கப்பின் காந்தப்புலம் மாறுகிறது, அம்மாற்றம் செப்புக் கம்பிச் சுருளில் மின்னைத் தூண்டுகிறது, அம்பிளிஃபயர் அதைப் பெருக்குகிறது. ஏறத்தாழ நாலரை சென்ரிமீற்றர் தடிப்புள்ள திண்மக் கட்டையின்மேல் ஒரு மில்லிமீற்றர் அளவுகூட இல்லாத ஓடு இருக்கிறதா இல்லையா என்பதைக் காதால் மட்டும் கண்டுபிடித்துச் சொன்ன எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. பிக்கப்பின் உயரத்தைத் திருகாணியால் சற்றே கூட்டிக் குறைத்தால் உண்டாகும் வேறுபாடு இதைவிடப் பெரிது. அதற்குச் செலவும் இல்லை.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. பழைய பூச்சு பொரிந்து தானாகவே கழன்றுகொண்டிருந்தால் அந்த இடங்களை எடுத்தே ஆக வேண்டும். மரத்தின் வரி தெரியும்படி தெளிபூச்சு மட்டும் பூச விரும்புவோருக்கும் வேறு வழி இல்லை. அவர்கள் றிமூவரை நாடாமல், அனுபவமுள்ள தச்சர் ஒருவரின் துணையோடு அரத்தாளால் தேய்த்தெடுப்பதே மேல். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மாமா ஊருக்கு வந்தபோது விட்டுச்சென்ற 1960, 1970 களின் பெயர்பெற்ற கிற்றார் என்றால், கீறலும் கறையுமாக இருந்தாலும், அதற்கு எதுவும் செய்யாமல் விடுவதே உத்தமம். மூலப் பூச்சுப் போனால் அத்தகைய கருவியின் விலை கணிசமாக விழுந்துவிடும்.

இனி, உரிக்காமல் செய்யும் முறையைச் சொல்கிறேன். தந்திகளை எடுத்த பின் கழுத்தைப் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளையும், பிக்கப், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நொப், வயர் செருகும் ஜக், தந்திகளைத் தாங்கும் பிறிட்ஜ் ஆகியவற்றையும் கழற்ற வேண்டும். வயர்களைக் கழற்றும் முன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பிறிட்ஜின் அடியிலிருந்து வொலியூம் கட்டுப்பாட்டின் முதுகுக்குப் போகும் ஒற்றை வயரே தந்திகளுக்கான புவித்தொடுப்பு. அதை மீண்டும் பொருத்த மறந்தால், தந்தியைத் தொட்டாலும் அடங்காத இரைச்சலோடு கிற்றார் திரும்பி என்னிடம்தான் வரும். கழுத்துப் பொருந்தும் குழியில் மெல்லிய தகடோ மரச்சீவலோ இருந்தால் அதை எறிந்துவிடக் கூடாது. கழுத்தின் சாய்வைச் சரிசெய்ய வைத்தது அது. கழுத்தின் அகலத்துக்குச் சீவிய ஒரு பலகைத் துண்டை அக்குழியில் அதே திருகாணிகளால் பொருத்திவிட்டால், பிடிப்பதற்குக் கைபிடியும் ஆயிற்று, குழிக்குள் பெயின்ற் புகாமல் மூடியும் ஆயிற்று. குழிக்குள் பூச்சு ஏறினால், கழுத்தைத் திரும்பப் பொருத்தி இறுக்கும்போது விளிம்பில் வெடிப்பு விழும். மற்றக் குழிகளையும் திருகாணித் துளைகளையும் மாஸ்கிங் ரேப்பும் சுருட்டிய தாளும் கொண்டு அடைத்து, பலகையின் மறுமுனையில் கயிறு கட்டி விறாந்தை வளையில் தொங்கவிடலாம்.

அடுத்து வருவது பலரும் அலட்சியம் செய்யும் படி. நான் காணும் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமும் அதுவே. கிற்றாரின் மேல்விளிம்பில், வாசிப்பவரின் முன்கை படியும் இடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், வியர்வையும் தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் கைவழியே வந்து படிந்ததும் சேர்ந்து அவ்விடம் மட்டும் வேறுவிதமாக மினுங்குவது தெரியும். தளபாடங்களுக்கு அடிக்கும் சிலிக்கன் கலந்த பொலிஷால் துடைக்கப்பட்ட கிற்றார் என்றால் நிலைமை இன்னும் மோசம். அத்தகைய இடத்தில் விழும் பெயின்ற் பரவிப் படியாமல் விலகி, நடுவில் குழி விழுந்த சிறு வட்டங்களாக நிற்கும். அதன்மேல் எத்தனை பூச்சு அடித்தாலும் அக்குழிகள் மறைவதில்லை. ஆகவே அரத்தாளைக் கையிலெடுக்கும் முன்னரே, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்து நன்கு பிழிந்து துடைக்க வேண்டும்; காய்ந்த பின் மினரல் ரேப்பன்ரைன் தோய்த்த வெள்ளைத் துணியால், துணியில் அழுக்கு ஏறாத நிலை வரும்வரை துடைக்க வேண்டும். முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு துடைத்தால், எண்ணெயைக் கீறல்களுக்குள் தள்ளி வைத்ததாகவே முடியும். அதன்பின் வெறுங்கையால் தொடவும் கூடாது.

தேய்ப்பதற்கு 320 இலக்க அரத்தாளும் அதன்பின் 400 இலக்கமும் போதும். பூச்சைக் கழற்றுவது இங்கே நோக்கமன்று. புதிய பெயின்ற் பற்றிக்கொள்ளும்படி மினுக்கத்தைப் போக்குவதே நோக்கம். தட்டையான இடங்களில் அரத்தாளை ஒரு றப்பர்க் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும், விரலால் தேய்த்தால் விரல் போன தடமே பள்ளமாகிவிடும். கழுத்தின் இருபுறமும் நீளும் கொம்புகளின் உள்வளைவில் மினுங்கும் புள்ளிகள் ஒளிந்திருக்கும். பின்னாளில் பெயின்ற் செதிலாகக் கழல்வது பெரும்பாலும் அங்கிருந்துதான். இடிபட்ட குழிகளுக்கு வாகனங்களுக்குப் பயன்படுத்தும் இரண்டு கலவைப் பட்டியை வைக்கலாம். பிறகு நிறத்துக்கு அடியில் அடிக்கும் பிறைமர், மெல்லியதாக இரண்டு மூன்று தடவை. அது காய்ந்ததும், கறுப்பு ஸ்பிறேயைச் சற்றுத் தூரத்திலிருந்து தூறலாக வீசி, 600 இலக்க அரத்தாளால் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தால், கறுப்பு மிஞ்சி நிற்கும் இடமெல்லாம் பள்ளம் என்று அறியலாம்.

எந்த நாளில் அடிப்பது என்பதை வெளிநாட்டுச் செய்முறைகள் நமக்குச் சொல்வதில்லை. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மாரிகாலத்தில் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது. கரைப்பான் ஆவியாவதாலேயே இறுகும் லக்கர் வகைப் பெயின்றில் அக்கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்புக் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதன் மிகுந்திருந்தால் அக்குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, பூச்சில் வெண்மை படரும். கறுப்பு, கடும் நீலம் போன்ற நிறங்களில் இது பளிச்செனத் தெரியும். வைகாசி தொட்டு வீசும் சோளகக் காற்றின் காலமும் உகந்ததன்று. வலிகாமத்துச் செம்மண் தூசு ஈரப் பூச்சில் ஒட்டினால், காயவிட்டுத் தேய்த்தெடுத்து மீண்டும் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாசி, பங்குனி மாதங்களின் உலர்ந்த, காற்றடங்கிய காலைகளே நமக்கு வாய்த்தவை. பனி விலகிய பின், எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், நேரடி வெயில் படாத இடத்தில் அடிக்கலாம். உச்சிவெயிலில் பெயின்ற் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து, பரப்பில் மணல்மணலாக வந்து உட்காரும். மாலையிலோ, விளக்குக்கு வரும் பூச்சிகளுக்கு ஈரப் பெயின்றின்மீது தனிப் பிரியம். முதல் நாள் மாலையே முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசு அடங்கியிருக்கும். அடிக்கும் வேளையில் தெளித்தால் ஈரம் எழும்பி மேலே சொன்ன வெண்மைக்கே வழிவகுக்கும்.

ரின்னை, உள்ளிருக்கும் குண்டு ஓசையெழுப்பத் தொடங்கிய பின்னும் இரண்டு நிமிடமாவது குலுக்க வேண்டும். முனைக்கும் பரப்புக்கும் இடையே 20 முதல் 25 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். முனையை அமுக்கத் தொடங்குவதும் விடுவதும் உடற்பகுதிக்கு வெளியே நிகழ வேண்டும். பரப்புக்கு நேரே வைத்து அமுக்கினால் முதலில் வரும் பெருந்துளிகள் அங்கேயே விழும். மணிக்கட்டை வளைக்காமல் கையை நேர்கோட்டில் செலுத்தி, ஒவ்வோர் ஓட்டமும் முந்தியதன் பாதியை மூடும்படி அடிக்க வேண்டும். முதலில் விளிம்புகள், பிறகு முன்னும் பின்னும். முதற் பூச்சில் பழைய நிறம் தெரிவது இயல்பே; அதை உடனே மறைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தால்தான் பெயின்ற் வழிகிறது. பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள் அடித்தால் தானாக மூடும். எங்காவது வழிந்துவிட்டால் ஈரத்தில் தொடாமல், நன்றாகக் காய்ந்த பின் அந்த ஓரிடத்தை மட்டும் கட்டையில் சுற்றிய அரத்தாளால் சீர்செய்யலாம். ஒரு கிற்றாருக்கு 400 மில்லிலீற்றர் ரின்களாகப் பிறைமர் ஒன்றும், நிறம் இரண்டும், தெளிபூச்சு இரண்டும் பொதுவாகப் போதும்.

பிறைமரும் நிறமும் தெளிபூச்சும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வகையாக இருத்தல் அவசியம். மெதுவாக இறுகும் எனமல் வகைப் பெயின்ற் முழுதாக இறுகும் முன் அதன்மேல் லக்கர் விழுந்தால், லக்கரின் கடுமையான கரைப்பான் கீழ்ப்பூச்சை ஊறச் செய்து, பரப்பு முழுவதும் சுருங்கிப்போகும். எனமல் ரின்கள் சிலவற்றில், ஒரு மணித்தியாலத்துக்குள் அல்லது 48 மணித்தியாலங்களின் பின்னரே அடுத்த பூச்சு என்று எழுதியிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். அதை விற்பனைத் தந்திரம் என்று எண்ணி இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் அந்தச் சுருக்கத்தைக் கண்கூடாகக் காணலாம். சந்தேகம் இருந்தால் பிக்கார்ட் மறைக்கப்போகும் இடத்தில் சிறிதளவு அடித்துப் பார்த்துவிட்டுத் தொடரலாம்.

காய்தல் பற்றி அக்குறிப்பு ஒரே வரியில் முடித்துக்கொண்டது. உண்மையில் வேலையின் பெரும்பகுதி அதுவே. தொட்டால் ஒட்டாத நிலை அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். அதை நம்பி மறுநாளே பிறிட்ஜைத் திருகித் தந்தி ஏற்றி, அன்றிரவே மேடைக்குக் கொண்டுபோன கிற்றார்கள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன. பிறிட்ஜின் அடியிலிருந்து பெயின்ற் பிதுங்கி, அதன் நாற்புறமும் ஒரு வரம்பு எழுந்திருக்கும். தோள்பட்டி அழுத்திய இடத்தில் அதன் நெசவு இழை இழையாகப் பதிந்திருக்கும். பூச்சின் மேற்பரப்பு மட்டும் இறுகி, உள்ளே கரைப்பான் தேங்கி நிற்பதே இதற்குக் காரணம். இதைச் சோதிக்க மூக்கைவிடச் சிறந்த கருவி இல்லை: பூச்சுக்கு அருகே முகர்ந்தால் கரைப்பான் மணக்கும்வரை அது காயவில்லை என்றே கொள்ள வேண்டும். அக்ரிலிக் லக்கருக்கு இரண்டு வாரமாவது விடுவது நல்லது; நைற்றோசெலுலோஸ் லக்கருக்கு ஒரு மாதமும் போதாமல் இருக்கலாம். பின்னையது நன்றாகக் காய்ந்த பிறகும் சிலவகை றப்பர் பட்ட இடத்தில் இளகும் என்பதால், கிற்றாரைத் தாங்கும் ஸ்ராண்டின் றப்பர் முனைகளைப் பருத்தித் துணியால் சுற்றிவைக்க வேண்டும்.

மினுக்குவது எளிது. 1000, 1500, 2000 இலக்க நீர் அரத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக, சவர்க்காரம் ஒரு துளி கலந்த நீரில் நனைத்துத் தேய்த்து, வாகனங்களை மினுக்கப் பூசும் கொம்பவுண்டால் துடைத்தால் கண்ணாடியாகும். விளிம்புகளில் பூச்சு மெல்லியதாக இருப்பதால் அங்கே அழுத்தக் கூடாது. திருகாணித் துளைகளில் நீர் இறங்கினால் மரம் ஊதிப் பூச்சு வெடிக்கும்.

மூச்சைப் பற்றியும் நெருப்பைப் பற்றியும் அக்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லாதது பெருங்குறை. கொரோனாக் காலத்தில் வாங்கி எஞ்சிய துணி முகக்கவசமும் மருத்துவ முகக்கவசமும் தூசியை ஓரளவு மறிக்கலாம். கரைப்பான் ஆவியை மறிப்பதில்லை. அதற்குச் செயற்படுத்திய கரி நிரப்பிய வடிகட்டி பொருத்திய முகக்கவசமே தேவை. வடிகட்டியும் குறித்த காலத்தில் மாற்றப்பட வேண்டும். இறுகச் செய்யும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரண்டு கலவைத் தெளிபூச்சில் உள்ள ஐசோசயனேற்றுகள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். அந்தப் பூச்சு வேண்டுவோர் அதைத் தகுந்த வசதியுள்ள கராஜ் ஒன்றில் கொடுத்து அடிப்பிப்பதே முறை. ஸ்பிறே ரின்களில் பெயின்றை வெளித்தள்ளுவது பெரும்பாலும் புரொப்பேன், பியூற்றேன் ஆகிய வாயுக்கள், அதாவது சமையல் எரிவாயுவின் இனம். சாமியறை விளக்கு, நுளம்புச் சுருள், அடுப்பு ஆகியவை எரியும் வீட்டுக்குள் அதை அடிப்பதன் விளைவை நான் விளக்க வேண்டியதில்லை. ரின்னை வெயிலில் வைப்பதும் கூடாது. 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்க வேண்டாம் என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கும்.

தின்னர் தோய்த்த துணிகளையும் எஞ்சிய திரவத்தையும் கிணற்றடியில் கழுவி ஊற்றுவதும் நம்மவரிடையே காணப்படும் வழக்கம். குடாநாட்டின் நிலத்தடி நீர் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த சுண்ணக்கல்லில் தேங்கியிருப்பது. மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே இறங்கும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததால் மக்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். துணிகளை வெளியே விரித்து முற்றாக உலரவிட்டு உள்ளூராட்சி மன்றம் சேகரிக்கும் கழிவில் சேர்க்கலாம். எஞ்சிய தின்னரை மூடிவைத்து அடுத்த வேலைக்குப் பயன்படுத்தலாம்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியிருக்கும் நிலையில், கையிலிருக்கும் கிற்றாரைப் புதுப்பித்து வைத்துக்கொள்ள எண்ணும் பிள்ளைகளின் ஆர்வத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியும் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் மரவேலை, வாகனத் திருத்தல் பயிற்சிகளின் ஓர் அங்கமாக, வார இறுதியில் இத்தகைய மேற்பூச்சு வேலையைக் கற்பித்தால் பயன்பெறுவோர் பலர் இருப்பார்கள். இப்போதைக்குத் தங்களிடம் நான் வேண்டுவது, றிமூவரும் வெப்பக் காற்றும் தேவையில்லை என்பதையும் எத்தகைய முகக்கவசம் அணிய வேண்டும் என்பதையும் அதே இளைஞர் பக்கத்தில், அதே எழுத்தளவில், அடுத்த வாரமே வெளியிட வேண்டும் என்பதாகும். றிமூவரை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ரின்னைத் திறக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்து, அந்தப் பணத்துக்கு 320 இலக்க அரத்தாளும் ஒரு ரின் பிறைமரும் வாங்கிக்கொள்ளட்டும்.

இங்ஙனம்,
தந்தி வாத்தியத் திருத்துநர் ஒருவர்,
கொக்குவில்.